ஈசான்யத்தில் ஒரு சொட்டு

முதல் சொட்டு வெங்கடரமணனின் வழுக்கையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது அவர் அங்கே இல்லை.

"லக்ஷ்மி! ஹால்ல ஒழுகறதுடீ!"

சமையலறையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி கரண்டியோடு ஓடி வந்தாள். வெளியே ராயப்பேட்டை முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மூலைன்னா?"

"ஈசான்ய மூலை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனவள், கையில் ரசக் கரண்டி இருப்பது ஞாபகம் வந்து அதைக் கீழே வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

"வடகிழக்குல ஜலம் வந்தா ஐச்வர்யம்னு வாஸ்துல இருக்கே! போன வாரம்தான் டிவியில ஒருத்தர் சொன்னார். ஊர்ல அவாவா ஈசான்யத்துல தொட்டி கட்டிக்கறா. நமக்குப் பாருங்கோ, தானா வந்திருக்கு!"

"மேல் தளம் ஒழுகறதுடீ. இது ஐச்வர்யம் இல்லை, ஓட்டை."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சொட்டு விழும் இடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணத்தை வைத்து, அதில் ஒரு செம்பருத்திப் பூவையும் மிதக்கவிட்டு, ரசத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. வெங்கடரமணன் திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். இடது கை, வலது கை என்பதெல்லாம் ஆள் திரும்பினால் திரும்பிவிடுகிற சமாசாரம், திசை ஒன்றுதான் திரும்பாமல் நிற்கும் என்பது அவர் கட்சி. சாப்பாட்டு மேஜையில் கூட, "தெற்கே இருக்கற உப்பை எடு" என்பார். ஸ்ரீலக்ஷ்மியும் எடுத்துக் கொடுப்பாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் இந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டை வாங்கும்போது, தரகர் பேச்சை நம்பாமல் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியையே கையோடு எடுத்து வந்தவர் அவர். விஞ்ஞான வாத்தியாரின் காந்தக் கட்டைகளோடு ஒரே டிராயரில் இருபது வருஷம் கிடந்த நல்ல பழைய திசைகாட்டி. ஹால் நடுவில் வைத்தார். முள் ஆடி அடங்கியது. இது வடக்கு, இது கிழக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்தார். கிழக்குச் சுவரில் பூஜை அலமாரி அடித்தார். அன்றிலிருந்து காலை சந்தியாவந்தனம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான். ஜன்னலுக்கு இரண்டடி தள்ளிப் பக்கத்துக் கட்டடம் எழும்பி நின்றதால் வீட்டுக்குள் சூரியன் தலை காட்டுவதில்லை. அதனால் என்ன, சுவர் எங்கேயும் போகவில்லையே என்பார்.

மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். நடுவில் மாடிப்படி, அந்தப் பக்கம் தஹ்சீன் வீடு. பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்யும் தஹ்சீனும், அவர் மனைவி ஜுவேரியாவும் பதினாலு வருஷத்துப் பழக்கம். படியில் பார்க்கும்போதெல்லாம் வெங்கடரமணன் ஒரே ஜோக்கைச் சொல்லுவார்.

"நீங்க மேற்கே பாத்துத் தொழறேள். நாங்க கிழக்கே பாத்து. ரெண்டு ஆமும் முதுகோட முதுகு ஒட்டிண்டு நிக்கறது. அதான் சண்டையே வரலை!"

தஹ்சீன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார். ஜுவேரியா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் குக்கர் கூப்பிட்டுவிடும். இப்போது இருவரும் தஹ்சீனின் தம்பி கல்யாணத்துக்காக ஒரு மாதத்துக்கு ஆம்பூர் போயிருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது.

ஐச்வர்யம் நாலு நாளில் அலுத்துவிட்டது. கிண்ணம் போய்ச் சொம்பு வந்தது, சொம்பு போய் அடுக்கு வந்தது. ஐந்தாம் நாள் கூரையிலிருந்து உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து, அடுக்கில் 'தொபுக்'கென்று விழுந்தது.

ஸ்ரீலக்ஷ்மி அண்ணாந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏன்னா! இங்கதானே கொலுப் படி வைக்கணும்!"

கொலுவுக்கு இன்னும் மூன்றே வாரம். ஒன்பது படி, நூற்றுப் பன்னிரண்டு பொம்மை. மரப்பாச்சியைத் தவிர எல்லாம் களிமண்.

அழுகையும் ஆத்திரமுமாய் அவள் தம்பி குருபிரசாத்துக்குப் போன் போட்டாள். பழைய மகாபலிபுரம் சாலையில் வானத்தை முட்டும் ஒரு கட்டடத்தில் இருப்பவன் அவன். அக்காவையும் அத்திம்பேரையும் அங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்று மூன்று வருஷமாய் ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"ஸ்பீக்கர்ல போடு அக்கா. அத்திம்பேர், கேக்கறதா? எங்க ஆம் பத்தொம்பதாவது மாடி. எங்களுக்கு மேல இன்னும் பதினோரு மாடி இருக்கு. மழைங்கறதை நாங்க டிவியிலதான் பாக்கறோம். பேசாம இதை வித்துட்டு இங்க வந்துடுங்கோ."

வெங்கடரமணனுக்கு அந்த இடமே ஆகாது. ஒரே ஒரு தடவை அங்கே போய் ஒரு வாரம் இருந்திருக்கிறார். கறிவேப்பிலை வாங்கக்கூடப் போனில் ஆர்டர் போட வேண்டும். கேட்டை விட்டு வெளியே வர ஓ.டி.பி. வேண்டும். சாயங்காலம் கபாலி கோயில் குளத்தங்கரையில் நாலு பேரோடு உட்கார்ந்து உலகத்தைத் திட்டாவிட்டால் அவருக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. அங்கே திட்டுவதற்கு ஜிம்மில் ஓடுகிற பையன்கள்தான் கிடைப்பார்கள். இந்த வீட்டை விட்டுப் போனால் ஆறு மாதத்தில் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

"இதோ பார் குரு," என்றார், குரலை உயர்த்தி. "கொலு முதல் நாள் அன்னிக்கு என் ஹால்ல ஒரே ஒரு சொட்டு விழட்டும். நானே பெட்டியைக் கட்டிண்டு வரேன்."

"அக்கா, நீதான் சாட்சி," என்றான் குருபிரசாத்.

"சாட்சிதான்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. அவள் குரலில் துளியும் இரக்கமில்லை.

மறுநாள் விடியற்காலையில் வெங்கடரமணன் ஒரு பாக்கெட் சிமென்ட்டும் கரண்டியுமாய் மொட்டை மாடிக்கு ஏறினார். மூன்று திருப்பம் திரும்பி, கடைசியில் ஒரு வளைவும் வளைந்து மேலே போகிற படி அது. ஏறி முடித்தால் தலை லேசாகச் சுற்றும். ஆனால் அவருக்கென்ன கவலை? சூரியன் தகதகவென்று ஏறிக்கொண்டிருந்தான். சூரியனே நேரில் வந்து நிற்கும்போது திசைகாட்டி எதற்கு? கிழக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கொஞ்சம் வடக்கே திரும்பினார். நேராக ஈசான்ய மூலைக்கு நடந்தார்.

பல்லி படுத்துக்கொள்ளும் அகலத்தில் அங்கே ஒரு விரிசல் இருந்தது.

"வாடா ராஜா!" என்று அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் கத்தினார். குழைத்துப் பூசி அடைத்துவிட்டு, வெற்றி வீரனாய் இறங்கி வந்தார்.

அன்று சாயங்கால மழையில் ஹாலில் இரண்டு இடத்தில் ஒழுகியது.

"நீங்க அடைச்சேளா, திறந்து விட்டேளா?" என்று ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள்.

சாதா சிமென்ட் போதாது, தண்ணீர் புகாத பூச்சு வேண்டும் என்று குளத்தங்கரை சபையில் தீர்மானமாயிற்று. அதை வாங்க ஆட்டோவில் தி.நகருக்குக் கிளம்பினார். மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்து, தெரியாத சந்து வழியாகத் திருப்பி விட்டிருந்தார்கள்.

"மேற்கே போப்பா," என்றார்.

"லெப்டா ரைட்டா சொல்லு நைனா. மேற்கு கிழக்கெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

"நம்மாத்து வாசல்லேருந்து நேரே போனா மேற்குதான். போய்ண்டே இரு, நான் சொல்றேன்."

கால் மணி நேரத்தில் கலங்கரை விளக்கம் வந்தது. எதிரே கடல்.

"இதான் தி.நகரா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர், மிகுந்த மரியாதையோடு.

"இந்த மெட்ரோக்காரா ஊரையே புரட்டிப் போட்டுட்டா," என்றார் வெங்கடரமணன். அவருக்கு வந்த கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது.

கடைசியில் பூச்சும் வந்தது, கூடவே மேஸ்திரி ஆரோக்கியமேரியும் வந்தாள். இருபது வருஷம் கலவை சுமந்து, இன்று நாலு ஆளை வைத்து வேலை வாங்குகிறவள். தலையில் துண்டு, கையில் சிமென்ட் பூசும் கரணை. மொட்டை மாடிக்கு வந்ததுமே தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"எந்தாண்ட சார் ஒழுவுது?"

"ஈசான்யம்."

"அது யாரு?"

"வடகிழக்கு மூலைம்மா. அதோ சூரியன் வரான் பாரு. அவனைப் பாத்து நின்னுண்டு, அப்படியே வடக்கே…"

"சூரியன் வந்தா எனக்கு வேலைக்கு டைம் ஆச்சு, அவ்ளோதான் சார் தெரியும். நீ கையால காட்டு."

காட்டினார். அவள் போய்க் கரணைப் பிடியால் தட்டினாள். 'டொக் டொக்' என்றது.

"பாத்தியா, தளம் ஊதிக்கினு கீது. பேத்துப் போட்டுட்டு, புதுசா போட்டு, நல்லா வாட்டம் குடுத்துட்டா ஒரு சொட்டு நிக்காது."

"வாட்டம்னா?"

"சரிவு சார். பேயிற தண்ணி இங்க நிக்காம, அப்டியே ஓடிப் போயி எதிர் மூலைல கீற பைப்புல உழணும்."

"எதிர் மூலைக்கு எத்தனை வேணும்னாலும் போகட்டும்மா. இந்த மூலையில ஒரு சொட்டு நிக்கப்படாது. அதான் எனக்கு வேணும்."

"பேத்த கட்டியெல்லாம் எங்க கொட்றது?"

வெங்கடரமணனுக்கு வாஸ்து ஞாபகம் வந்தது. "நிருதி மூலையில கொட்டு."

"இது யாரு புதுசா?"

"தென்மேற்கும்மா. அதோ, நேர் எதிர் மூலை. கனமான வஸ்துவெல்லாம் எப்பவும் நிருதியிலதான் இருக்கணும். அதான் கிருஹத்துக்கு க்ஷேமம்."

இரண்டு நாளில் ஈசான்யம் வழவழவென்று மேடாகிவிட்டது. பெயர்த்த கட்டியும் மண்ணும் நிருதியில் மலையாகக் குவிந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் வந்த ஆரோக்கியமேரி, ஹாலில் ஒழுகும் இடத்தை அண்ணாந்து பார்த்தாள். வாசல் வழியே மாடிப்படியைப் பார்த்தாள். கையை மேலே நீட்டியபடி நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.

"சார், ஒரு டவுட்டு. இந்த மூலை மேல போனா…"

"ஈசான்யம்மா. முப்பத்துநாலு வருஷம் பூகோளம் எடுத்திருக்கேன்."

"அப்ப சரி சார். படிச்சவங்க நீங்க," என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

பரீட்சை வைக்க வேண்டுமே! புதுத் தளத்தைச் சுற்றி மண்ணால் வரப்பு கட்டி, கணுக்கால் மறைகிற வரைக்கும் தண்ணீரைத் தேக்கினாள் ஆரோக்கியமேரி. ஒரு நாள் முழுக்க நின்றது. ஹாலில் ஒரு சொட்டு விழவில்லை. வெங்கடரமணன் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார். வீடியோ காலில் குருபிரசாத்தைக் கூப்பிட்டார்.

"பாரு குரு. மேல ஒரு குளமே நிக்கறது. கீழ பாரு, பாலைவனம்!"

"கங்கிராட்ஸ் அத்திம்பேர்," என்றான் அவன், சுரத்தில்லாமல்.

"அவ்ளோதான் சார், வரப்பை ஒடச்சி உட்றேன்," என்று மேலிருந்து ஆரோக்கியமேரியின் குரல் கேட்டது.

"உடைச்சு விடு, உடைச்சு விடு!"

தண்ணீர் சலசலவென்று சரிவில் ஓடி எதிர் மூலைக்குப் போனது. ஐந்தாவது நிமிஷம் வெங்கடரமணனின் காபியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது தோளில். அப்புறம் எண்ண முடியவில்லை. ஹால் முழுக்க ஏழு இடத்தில் மழை. வீடியோ கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குருபிரசாத் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"நின்னா ஒழுகலை, போனா ஒழுகறதே! என்ன அக்கிரமம் இது!" என்று ஸ்ரீலக்ஷ்மி அடுக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"காங்கிரீட் தாமதமாத்தான் கசியும்டீ," என்றார் வெங்கடரமணன், சட்டையைப் பிழிந்துகொண்டே. "காலையில குடிச்சதை இப்போ விடறது. இன்னும் கொஞ்சம் வாட்டம் பத்தலை, அவ்வளவுதான்."

மறுபடி ஆரோக்கியமேரி. இன்னும் நாலு அங்குலம் மேடு, இன்னும் சரிவு. அதன் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் மூன்று கோட்டு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஈசான்யத்தில் நின்று பார்த்தார் வெங்கடரமணன். கோயில் பிராகாரம் மாதிரி ஜில்லென்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. கீழே இறங்கி ஹாலுக்குள் வந்தார். அடை சுடலாம் போலிருந்தது.

"மேல அவ்வளவு ஜில்லுனு இருக்கு லக்ஷ்மி! நிஜமா!"

"அப்போ கொலுவை மாடியிலயே வெச்சுடட்டுமா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. அவளிடம் அப்போது பேச்சு வைத்துக்கொண்டது தப்பு. அடுக்கு, குண்டான், தவலை, பூரி மாவு பிசையும் தாம்பாளம் எல்லாம் ஹாலில் பாத்திரக் கடை மாதிரி பரப்பியிருந்தது. நாலு நாளாய்ச் சாம்பார் பால் குக்கரில் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மழையில் பதினோரு இடம். அதற்கடுத்த மழையில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். வெங்கடரமணன் தினமும் மேலே போய் நிருதியில் குவிந்த மண்மேட்டைப் பார்த்தார். அதைச் சுற்றித் தண்ணீர் குளம் கட்டி நின்றது. பைப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "நன்னா நிக்கட்டும். அங்க நின்னா நமக்கென்ன?" என்று திருப்தியோடு இறங்கி வந்தார்.

கொலு முதல் நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு இடியோடு மழையும் வந்தது.

ஒன்பது படியும் கிழக்குச் சுவரை ஒட்டி வைத்தபடியே வைத்திருந்தாள் ஸ்ரீலக்ஷ்மி. பதினாலு வருஷத்து இடத்தை மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம். செட்டியார் பொம்மை பால் கவரால் செய்த கோட்டு போட்டிருந்தார். மரப்பாச்சித் தம்பதிகள் ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள். தசாவதாரத்தில் மச்சமும் கூர்மமும் மட்டும் நனைந்தாலும் பரவாயில்லை என்று முன் வரிசையில் விடப்பட்டிருந்தன.

வந்த மாமிகள் தாம்பாளங்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு மாமி பாட ஆரம்பித்தாள். அவள் ஆதி தாளம் போட, வடமேற்கே வைத்த குண்டான் அதைவிட வேகமாய்ப் போட்டது. அவள் குண்டானைப் பிடிக்கப் பார்த்தாள், தவலை முந்திக்கொண்டது. அனுபல்லவியில் தோற்றுப்போய், "சுண்டல் குடும்மா, நான் கிளம்பறேன்," என்று எழுந்துவிட்டாள்.

குருபிரசாத் பளபளப்பான ஒரு புத்தகத்தோடு சோபாவின் உலர்ந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அட்டையில் நீச்சல் குளமும், சிரித்துக்கொண்டே ஓடுகிற ஒரு குடும்பமும்.

"பதினேழாவது மாடியில ஒண்ணு காலியா இருக்கு அத்திம்பேர். நாளைக்கே பாத்துடலாம். இந்தக் கட்டடம் அவ்வளவுதான். இத்தனை பண்ணியும் நிக்கலைன்னா இனிமே எது பண்ணினாலும் நிக்காது."

வெங்கடரமணன் எழுந்தார். ஷோகேஸைத் திறந்து, காந்தக் கட்டைகளோடு இருபது வருஷம் கிடந்த அந்தப் பழைய திசைகாட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முள் ஆடிற்று. குளத்தங்கரை, காபிப்பொடிக் கடை, மூன்று தலைமுறையாகத் தெரிந்த தெருக்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஸ்ரீலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

"நான் வேணா சாட்சி சொல்லாம இருந்துடட்டுமா?" என்றாள் மெதுவாக.

"வாக்குன்னா வாக்குதான்," என்றார் அவர். "பெட்டி எங்க இருக்கு? மேற்கே பரண்லயா?"

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜுவேரியா ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடு உள்ளே வந்தாள். ஹாலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி! உங்க வீட்லயா ஒழுவுது?"

"வா ஜுவேரியா. எப்போ ஊர்லேருந்து வந்தேள்? அந்தத் தாம்பாளத்தை மிதிச்சுடாதே."

"காலைலதான் வந்தோம். அங்கிளுக்குத் தாங்க்ஸ் சொல்லத்தான் ஓடி வந்தேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "அங்கிள், எங்க பெட்ரூம் நாலு வருஷமா ஒழுவும். ஊருக்குப் போறப்ப மூணு பக்கெட் வெச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா பக்கெட்டெல்லாம் காஞ்சு கிடக்கு. இத்தனை மழையிலயும் ஒரு சொட்டு இல்ல! ஃபேன் போடாமயே குளிருது. இவரு மத்தியானத்துலருந்து போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறாரு. மேல போயி பாத்தேன். எவ்வளவு அழகா தளம் போட்டு, வெள்ளை அடிச்சு வெச்சிருக்கீங்க! கீழ வாட்ச்மேன் சொன்னாரு, எல்லாம் நீங்க நின்னு பண்ணதுன்னு. உங்க வீட்டை விட்டுட்டு எங்க வீட்டுக்குப் பண்ணியிருக்கீங்களே அங்கிள், யாரு செய்வாங்க இப்படி?"

ஹாலில் தவலை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. குருபிரசாத் புத்தகத்தை மெல்ல மூடினான்.

"உங்க ஆத்துக்கா?" என்றார் வெங்கடரமணன். "இல்லையேம்மா. நான் போட்டது ஈசான்யத்துல. சூரியனைப் பாத்து நின்னு, என் கையாலேயே காட்டிப் போட்டது. எங்க ஹாலுக்கு நேர் மேல."

"வடகிழக்கு மூலைதானே அங்கிள்? அது எங்க பெட்ரூம்."

"எப்படி இருக்க முடியும்?" அவர் திசைகாட்டியை உயர்த்திப் பிடித்தார். இன்னொரு கையால் கொலுவுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டினார். "இதோ கிழக்குச் சுவர். முள்ளைப் பாரு. பதினாலு வருஷமா நான் சூரிய நமஸ்காரம் பண்ற சுவர். உங்க ஆம் அந்தப் பக்கம், நீங்க மேற்கே பாத்துத் தொழறேள். நாமதான் முதுகோட முதுகு ஆச்சே!"

ஜுவேரியா அந்தச் சுவரைப் பார்த்தாள். ஒழுகும் மூலையைப் பார்த்தாள். பதினாலு வருஷமாய் ஒவ்வொரு தடவையும் குக்கர் சத்தத்தில் சொல்ல முடியாமல் போனதைக் கடைசியில் சொன்னாள்.

"முதுகோட முதுகெல்லாம் இல்ல அங்கிள். குடிவந்த நாள்லருந்து நாங்களும் தினம் அஞ்சு வேளை இதே சுவரைப் பாத்துதான் தொழுறோம்!"